சிறைவாசலில் அறுந்துபோகும் சிகிச்சை

புது தில்லி: அஸ்ஸாம் மாநிலம் மோரிகாவ்ன் மாவட்டத்தைச் சேர்ந்த மச்சாங் லாலுங் என்ற பழங்குடி முதியவர், 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு ரூபாய் சொந்த ஜாமீனில் விடுவிக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 77. கொடுங்காயம் விளைவித்ததாக 1951-ல் அவர் கைது செய்யப்பட்டபோது வயது 23. இடைப்பட்ட 54 ஆண்டுகளில் அவர் மீதான வழக்கின் விசாரணை நடந்து முடியவே இல்லை.

செய்தி வெளியானபோது, நீதிமன்றத் தாமதத்தின் உச்சம் என்றே நாடெங்கும் பேசப்பட்டது. அது உண்மைதான். ஆனால் முழு உண்மை அன்று. கைதான ஓராண்டுக்குள் அவர் தேஜ்பூர் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார். அவர் குணமடைந்துவிட்டார் என்று 1967-லேயே மருத்துவர்கள் சான்றளித்து, காவல் துறைக்கும் தெரிவித்தனர். அவரோ வீட்டுக்கு அனுப்பப்படாமல் குவாஹாட்டி சிறைக்கு மாற்றப்பட்டார். மருத்துவமனையைப் பொறுத்தவரை அவர் குணமாகி வெளியேறிய நோயாளி. சிறையைப் பொறுத்தவரை விடுதலை உத்தரவு வராத கைதி. நீதிமன்றத்தைப் பொறுத்தவரை எங்கோ அலமாரியில் கிடந்த ஒரு கோப்பு. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய பொறுப்பு எவரிடமும் ஒப்படைக்கப்பட்டிருக்கவில்லை.

தேசிய மனித உரிமைகள் ஆணையம் தலையிட்ட பிறகே அவருக்கு வழி பிறந்தது. ரூ. 3 லட்சம் இழப்பீடும், ஆயுள் முழுவதும் மாதம் ரூ. 1,000 உதவித் தொகையும் வழங்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2007 டிசம்பரில் லாலுங் காலமானார்.

அவருடைய விடுதலைக்குப் பிறகு மனநலச் சட்டம் புதிதாக எழுதப்பட்டது. குற்றவியல் நடைமுறைச் சட்டம் திருத்தப்பட்டு, பின்னர் முழுவதுமாக மாற்றப்பட்டது. ஆயினும் சிறையின் கையிலிருந்து ஊர் மருத்துவமனையின் கைக்கு ஒரு நோயாளியை ஒப்படைப்பது யார் என்ற கேள்விக்கு மட்டும் இன்றுவரை தெளிவான விடை இல்லை.

தீர்ப்புகளுக்குக் குறைவில்லை

இந்த விஷயத்தில் உச்ச நீதிமன்றம் மௌனமாக இருந்ததில்லை. பிகாரின் ஹசாரிபாக் சிறையில் மனநிலை சரியில்லை என்ற காரணத்தால் பல பத்தாண்டுகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தோர் குறித்து அந்நகர இலவச சட்ட உதவிக் குழுவிடமிருந்து வந்த கடிதத்தையே மனுவாக ஏற்று, 1982-ல் வீணா சேத்தி வழக்கில் தீர்ப்பளித்தது. அவர்களில் சிலர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உள்ளே இருந்தவர்கள். மனம் தெளிந்த பிறகும் விடப்படாதவர்கள். குற்றம் எதுவும் செய்யாத மனநோயாளிகளைப் 'பாதுகாப்பு' என்ற பெயரில் சிறையில் அடைப்பது சட்டவிரோதம், அரசமைப்புச் சட்டத்துக்கு முரண் என்று 1993-ல் ஷீலா பர்சே வழக்கில் கூறியது. 1996-ல் தேசிய மனித உரிமைகள் ஆணையமும் மாநில முதல்வர்களுக்கு இது குறித்துக் கடிதம் எழுதியது.

இந்தத் தீர்ப்புகளின் பயனாக, குற்றமே செய்யாதவர்களை அடைத்து வைக்கும் வழக்கம் பெரிதும் குறைந்தது. ஆனால் அவை பேசியது, சிறைக்குள் இருக்கக் கூடாதவர்களைப் பற்றி. வழக்கு இருப்பதால் சிறைக்குள் இருந்தாக வேண்டியவர், அங்கே நோயாளியாகவும் இருந்து, பின்னர் வெளியே வரும்போது என்ன ஆகிறார் என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு விடை தேடுவோர் குறைவு.

யார் எண்ணுவது?

2022-ஆம் ஆண்டு இறுதியில் நாட்டின் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தனர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். இடமோ 4,36,266 பேருக்குத்தான். அவர்களில் மனநலம் பாதிக்கப்பட்டோர் எனக் கணக்கில் காட்டப்பட்டவர்கள் இரண்டு சதவீதத்துக்கும் குறைவு.

பெங்களூர் பரப்பன அக்ரஹாரா மத்திய சிறையில் நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் மருத்துவர்கள் 5,024 கைதிகளை நேரில் பரிசோதித்து 2011-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. மனநோயோ, போதைப் பொருள் சார்ந்த பாதிப்போ உள்ளவர்கள் 4,002 பேர். போதைப் பழக்கத்தை முழுவதுமாக விலக்கிய பின்னரும் 1,389 பேர், அதாவது 27.6 சதவீதம். ஒரு நகரச் சிறையின் விகிதத்தை நாடு முழுவதற்கும் அப்படியே பெருக்கிவிட முடியாதுதான். இருந்தாலும் இரண்டு சதவீதத்துக்கும் இருபத்தேழு சதவீதத்துக்கும் உள்ள தூரத்தை நகர வேறுபாடு என்று தள்ளிவிடவும் முடியாது. முதல் எண்ணிக்கை சிறை நிர்வாகங்கள் தாமே அனுப்புவது. இரண்டாவது, மருத்துவர் உட்கார்ந்து ஒவ்வொருவராகப் பார்த்து எழுதியது.

பார்ப்பதற்கு ஆள் இருந்தால்தானே எண்ணிக்கை வரும். 500 கைதிகளுக்கு ஓர் உளவியல் ஆலோசகர் என்கிறது 2016-ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. அந்தக் கணக்கில் நாட்டுக்கு ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர் தேவை. பணியில் இருக்கும் உளவியலாளர்களும் மனநல மருத்துவர்களும் சேர்ந்து 25 பேர் மட்டுமே என்று 2025-ல் வெளியான இந்திய நீதி அறிக்கை கூறியது.

விளைவு என்ன என்பதை, நீதிபதி அமிதவ ராய் தலைமையில் உச்ச நீதிமன்றம் அமைத்த சிறைச் சீர்திருத்தக் குழு பதிவு செய்திருக்கிறது. 2017 முதல் 2021 வரை சிறைகளில் நேர்ந்த 817 இயற்கைக்கு மாறான மரணங்களில் 660 தற்கொலைகள். இது சிறைக்குள் நேர்ந்தவற்றின் கணக்கு. வெளியே வந்த சில வாரங்களில் நேர்வனவற்றுக்கு இத்தகைய தேசியக் கணக்கு கிடையாது. விடுதலையான முதல் சில வாரங்களே மிகுந்த ஆபத்தானவை என்பது பல வெளிநாடுகளில் ஆய்வுகளால் நிறுவப்பட்ட உண்மை.

'நண்பரோ உறவினரோ'

2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், முந்தைய சட்டங்களைக் காட்டிலும் வெகுதூரம் முன்னே சென்ற ஒன்று. மாநிலத்துக்கு ஒரு சிறையிலாவது மருத்துவப் பிரிவில் மனநலச் சிகிச்சையகம் அமைக்க வேண்டும் என்கிறது 103-ஆம் பிரிவு. அதே பிரிவு, சிறை மருத்துவ அதிகாரி மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மனநல மறுஆய்வு வாரியத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டும் என்றும் விதிக்கிறது. அறிக்கையில் என்ன இருக்க வேண்டும்? சிறையில் மனநோயாளி எவரும் இல்லை என்ற சான்று! சட்டத்தை எழுதியவர்களின் நோக்கம் நல்லதுதான். நோயாளி சிறையில் கிடக்கக் கூடாது, மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பது. ஆனால் இருக்கிறார், இன்ன மருந்து சாப்பிடுகிறார், விரைவில் வெளியே போகக்கூடும் என்று எழுத விரும்பும் நேர்மையான மருத்துவருக்கு அந்த வாசகம் உதவவில்லை.

98-ஆம் பிரிவு, மருத்துவமனையிலிருந்து நோயாளியை அனுப்பும்போது, தொடர் சிகிச்சை எங்கே, யாரிடம் என்பதை நோயாளியிடமும் குடும்பத்தாரிடமும் கலந்து பேசி மருத்துவர் திட்டமிட வேண்டும் என்கிறது. அருமையான விதி. அது மனநலச் சிகிச்சையகங்களைக் கட்டுப்படுத்துமே ஒழிய, மாத்திரை மட்டும் வழங்கும் சாதாரணச் சிறை மருத்துவ அறையை அல்ல. பெரும்பாலான கைதிகள் மாத்திரை வாங்கிச் சாப்பிடுவதோ அந்த அறையில்தான்.

குற்றவியல் நடைமுறையைப் பார்ப்போம். மனநிலை காரணமாகத் தம் தரப்பை எடுத்துரைக்க இயலாத ஒருவரை, ஜாமீனில் விடத்தக்க குற்றமானாலும் அல்லாவிட்டாலும், நீதிமன்றம் ஜாமீனில் விட வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வழி செய்தது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 369-ஆம் பிரிவிலும் அது தொடர்கிறது. நிபந்தனைகள் உண்டு. உள்நோயாளியாக இருந்தாக வேண்டிய நிலையில் அவர் இருக்கக் கூடாது. அடுத்து, அருகிலுள்ள மருத்துவமனையில் தொடர்ந்து புறநோயாளியாகச் சிகிச்சை பெறச் செய்வேன் என்றும், அவர் தமக்கோ பிறருக்கோ தீங்கிழைக்காமல் பார்த்துக்கொள்வேன் என்றும் ஒரு 'நண்பரோ உறவினரோ' உறுதி அளிக்க வேண்டும்.

சிறைக்கும் சமூகத்துக்கும் இடையே சட்டம் போட்டுக் கொடுத்திருக்கும் பாலம் இந்த நண்பர்தான். தினக்கூலி வேலையை விட்டுவிட்டு மாதாமாதம் மருத்துவமனை வரிசையில் நிற்கப்போகிறவரும், மருந்து நின்றுபோனால் நீதிமன்றத்துக்குப் பதில் சொல்லப்போகிறவரும் அவரே. அவருக்கு எந்த அலுவலகமும் துணை இல்லை. அப்படி ஒருவர் முன்வராவிட்டால், கைதியை முறையான மனநலச் சிகிச்சை கிடைக்கும் இடத்தில் வைக்கச் சொல்கிறது சட்டம். அதாவது, ஒருவர் வெளியே வருவதா, உள்ளேயே இருப்பதா என்பது அவருடைய நோயின் கடுமையைப் பொறுத்து மட்டும் முடிவாவதில்லை. கையெழுத்திட ஓர் ஆள் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தும் முடிவாகிறது. நீண்டகால மனநோயாளிகளிடமிருந்து முதலில் விலகுவது உறவினர்கள்தாம் என்பது மனநல மருத்துவமனைகளில் பணியாற்றும் எவருக்கும் தெரியும். குணமடைந்த பின்னும் அழைத்துச் செல்ல ஆளின்றி மருத்துவமனைகளில் தங்கிவிட்டவர்கள் குறித்து 2017-ல் கௌரவ் குமார் பன்சல் வழக்கில் உச்ச நீதிமன்றம் கவலை தெரிவித்ததும் இதே காரணத்தால்தான்.

விடுதலை எப்போது என்பது தெரியாது

மருத்துவமனையில் நோயாளியை அனுப்பும் நாளை மருத்துவர் தீர்மானிக்கிறார். சிறையில் அந்த நாளை மருத்துவர் தீர்மானிப்பதில்லை. பல நேரங்களில் அவருக்கு அது தெரிவதுகூட இல்லை. தண்டனைக் கைதிக்காவது விடுதலைத் தேதி முன்கூட்டியே தெரியும். மருந்தையும் சீட்டையும் தயார் செய்து வைக்கலாம். ஆனால் 2022 கணக்கின்படி சிறைகளில் இருந்தோரில் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பேர், விசாரணைக் கைதிகள். அவர்களுக்கு ஜாமீன் எந்த நாளும் வரலாம், வராமலும் போகலாம்.

உத்தரவு நீதிமன்றத்திலிருந்து வந்து சேரும். வேறு வழக்கு நிலுவையில் உண்டா என்று பார்ப்பார்கள். உடைமைகளைத் திருப்பித் தருவார்கள். அன்று மாலையோ இரவோ கதவு திறக்கும். காலையில் வார்டுக்கு வரும் மருத்துவருக்கு, ஒரு படுக்கை காலியாக இருப்பதைக் கண்ட பிறகே செய்தி தெரியும். நோய்க் குறிப்பு சிறை அலமாரியில். மாத்திரை சிறை மருந்தகத்தில். ஆள் பேருந்து நிலையத்தில்.

இதற்காக விடுதலையைத் தாமதிக்கச் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஜாமீன் உத்தரவின் நகலை அன்றோ மறுநாளோ சிறைக்கு மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும், ஏழு நாள்களில் விடுவிக்கப்படாவிட்டால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணையச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகள் வரவேற்கத்தக்கவை. எனவே, விடுதலையாகும் நாளில் தொடர் சிகிச்சைக்குத் திட்டமிடலாம் என்பது விசாரணைக் கைதிகள் விஷயத்தில் நடக்காத காரியம். உள்ளே வந்த முதல் வாரத்திலேயே அது தொடங்கியாக வேண்டும். இன்று இரவே கதவு திறந்தாலும் கையில் கொடுத்தனுப்பத் தயாராக ஒரு சீட்டு இருக்க வேண்டும். மனச்சிதைவு நோய்க்கும் இருமுனை மனநோய்க்கும் தரப்படும் மருந்துகள் திடீரென நின்றால் நோய் திரும்புவது வெகு சாதாரணம். திரும்பிய நோய் தெருவில் சண்டையாக வெளிப்பட்டால், மறுபடியும் காவல் நிலையம், மறுபடியும் சிறை.

தில்லியிலேயே இதைக் காணலாம். திகார் சிறை வளாகம் நகரின் மேற்குப் பகுதியில். தலைநகரின் முதன்மையான மனநல மருத்துவமனையான இஹ்பாஸ் வடகிழக்குக் கோடியில், தில்ஷாத் கார்டனில். அந்நிறுவனத்தின் மருத்துவர்கள், வீடற்ற மனநோயாளிகளைத் தேடி ஜாமா மசூதிப் பகுதிக்கே சென்று தெருவோரத்தில் சிகிச்சை அளித்தவர்கள். நோயாளி வரும்வரை காத்திராமல், அவர் இருக்கும் இடத்துக்குச் செல்லும் அந்த முறை சிறைவாசலுக்கும் தேவை. ஆனால் தலைநகர்ச் சிறைகளில் இருப்போரில் பிற மாநிலத்தவர் கணிசம். தில்லியில் தொடங்கிய சிகிச்சை பிகாரிலோ உத்தரப் பிரதேசத்திலோ உள்ள ஏதோ ஒரு மாவட்ட மருத்துவமனையில் தொடர வேண்டும். இவருக்கு என்ன நோய், என்ன மருந்து என்று அந்த மருத்துவமனைக்குச் சொல்ல நோயாளியின் நினைவைத் தவிர வேறொன்றும் இல்லை.

நான்கு அமைச்சகங்கள்

இந்தப் பிரச்சினையைப் பற்றி தில்லியில் விசாரிக்கப் புறப்படுபவர் குறைந்தது நான்கு கட்டடங்களுக்குச் செல்ல வேண்டியிருக்கும். சிறைகள் குறித்த விஷயம் உள்துறை அமைச்சகத்தில். மனநலம் சுகாதார அமைச்சகத்தில். மறுவாழ்வும் மாற்றுத் திறனாளிகள் நலனும் சமூக நீதி அமைச்சகத்தில். சட்ட உதவி சட்ட அமைச்சகத்தில். இவற்றுக்கு மேல், அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சிறைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன; மனநோயாளிகளுக்கான சிகிச்சை இடங்களோ பொதுப் பட்டியலில். ஒவ்வோர் இடத்திலும் தத்தம் பங்குக்குத் திட்டம் உண்டு, சுற்றறிக்கை உண்டு. 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒன்பது மாதங்களில் அமைந்திருக்க வேண்டிய மாநில மனநல ஆணையங்கள் பல மாநிலங்களில் காலங்கடந்தே அமைந்தன.

மாவட்ட அளவில், எல்லாத் துறையினரும் கூடி உட்காரும் ஒரே இடம் விசாரணைக் கைதிகள் மறுஆய்வுக் குழு. மாவட்ட நீதிபதி தலைவர். ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், சட்டப் பணிகள் ஆணையச் செயலர், சிறைக் கண்காணிப்பாளர் ஆகியோர் உறுப்பினர்கள். இக்குழு பரிசீலிக்க வேண்டிய 14 வகைக் கைதிகளில் மனநிலை பாதிக்கப்பட்டோரும் ஒரு வகை. ஆனால் குழுவில் மருத்துவர் இல்லை. யார் மனநோயாளி என்பதைச் சிறை அனுப்பும் பட்டியலைக் கொண்டே குழு அறிகிறது. சிறைப் பட்டியல் எப்படிப்பட்டது என்பதை மேலே கண்டோம்.

இத்தனைக்கும், சேர வேண்டிய மறுமுனை நாட்டில் இல்லாமல் இல்லை. கர்நாடகத்தின் பெல்லாரியில் 1980-களில் நிம்ஹான்ஸ் நடத்திக் காட்டிய முன்மாதிரியைப் பின்பற்றி, 1996-ல் நான்கு மாவட்டங்களில் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்துக்கு இன்று 767 மாவட்டங்களில் ஒப்புதல் அளிக்கப்பட்டுள்ளது. மனநல மருத்துவர், உளவியலாளர், மனநலச் சமூகப் பணியாளர், செவிலியர் ஆகியோர் அடங்கிய குழு மாவட்டந்தோறும் இருக்க வேண்டும் என்பது திட்டம். எல்லா இடங்களும் நிரம்பியிருப்பதாகச் சொல்ல முடியாது. மருத்துவர் கிடைக்காத மாவட்டங்கள் அதிகம். இருப்பினும் 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் நாட்டின் எந்த மூலையிலிருந்தும் இலவசமாக அழைக்கலாம்.

மாவட்டத் தலைநகரில் சிறையும் அரசு மருத்துவமனையும் பெரும்பாலும் ஒரே ஊரில், சில கிலோமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. மனநலத் திட்டக் குழு வாரம் ஒரு நாள் சிறைக்குச் சென்று புறநோயாளிப் பிரிவு நடத்தினால், உள்ளே பார்க்கும் மருத்துவரும் வெளியே பார்க்கும் மருத்துவரும் ஒருவராகவே இருப்பார். சிறை மருத்துவம் பொது சுகாதாரத் துறையின் பணிகளோடு நெருங்கி இயங்க வேண்டும் என்று ஐ.நா. 2015-ல் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் சொல்வதும் இதைத்தான். விடுதலைக்குப் பிறகும் மனநலச் சிகிச்சை தொடர, உரிய அமைப்புகளோடு ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும் என்று அவ்விதிகளில் 110-ஆவது தனியாகவே எடுத்துரைக்கிறது. இங்கிலாந்தில் 2006-க்குள் சிறை மருத்துவப் பொறுப்பு முழுவதும் சிறைத் துறையிடமிருந்து தேசிய சுகாதாரப் பணிக்கு மாற்றப்பட்டது. அங்கும் குறைகள் தீர்ந்துவிடவில்லை. ஆனால் நோயாளியின் குறிப்பேடு எந்தத் துறைக்குச் சொந்தம் என்ற தகராறு அங்கே எழுவதற்கு இடம் குறைந்தது.

இங்கே முதலில் வேண்டியது பெரிய நிதி ஒதுக்கீடுகூட அன்று. ஒவ்வொரு சிறைக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளர். அவர் சிறையின் நல அலுவலரோ, சட்டப் பணிகள் ஆணையத்தின் சட்டத் தன்னார்வலரோ, மனநலத் திட்டத்தின் சமூகப் பணியாளரோ, யாராக இருந்தாலும் சரி. ஜாமீன் உத்தரவு சிறைக்கு வரும் அதே மின்னஞ்சலில் அவருக்கும் ஒரு நகல். வெளியே செல்பவர் கையில் இரண்டு வாரத்துக்கான மாத்திரை, சொந்த மாவட்ட மருத்துவமனையின் முகவரி, பார்க்க வேண்டிய தேதி. குறித்த தேதியில் அவர் வராவிட்டால் அந்த மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அந்தச் சீட்டில் சிறையின் முத்திரை இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஊர் மருத்துவமனை வரிசையில் அதை நீட்ட வேண்டியவர் அந்த ஊரில்தான் வாழ வேண்டும்.